வியாழக்கிழமைக் கால்

"ஆண், வயது நாற்பத்தொன்று. நோயின் நடமாட்டத்துக்கு அறிகுறி ஏதுமில்லை. துணைக்கருவி இன்றி நடக்கிறார்."

ஓரெஸ்ட் பிலிக்கைப் பற்றி, கனடாவின் சாஸ்கட்டூன் நகர நரம்பியல் மருத்துவர் எழுதி வைத்திருப்பது இது. வாரத்தில் ஆறு நாட்களுக்கு இது உண்மையும்கூட. வியாழக்கிழமை மட்டும் அவர் ஒரு குச்சியை ஊன்றி, வலது காலை இழுத்து இழுத்து வெர்னா தீசன் வீட்டுச் சாய்தளத்தில் ஏறுவார். ஊரே பார்த்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அதற்கு மரியாதை என்று பெயர்.

ஓரெஸ்ட் தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுபவர். வெர்னா பள்ளியில் இசை கற்பித்தவர், இப்போது சக்கர நாற்காலியில் இருப்பவர். இருவரையும் சேர்த்துவைத்தது எம்.எஸ். சொந்த உடம்பின் காவல்படையே நரம்புகளைக் கடித்துக் குதறும் நோய். இந்தச் சமவெளியில் யாரைக் கேட்டாலும் தெரிந்தவர் ஒருவருக்காவது இருக்கும். ஒரே காரில் மருத்துவமனைக்குப் போய்வந்தார்கள். ஸ்டெம் செல் சிகிச்சையையும் சேர்ந்தே கேட்டார்கள். ஓரெஸ்டை எடுத்துக்கொண்டார்கள். வெர்னாவுக்கு நோய் முற்றிச் சீற்றம் அடங்கிவிட்டதாம். சீறுகிற நோயைத்தான் இந்தச் சிகிச்சை அடக்குமாம்.

"என் வீடு எரிஞ்சு முடிஞ்சிருச்சாம், அதனால தீயணைப்பு வண்டி வராதாம்," என்றார் வெர்னா, திரும்பி வரும் வழியில். "உன் வீடு இன்னும் ஜோரா எரியுது. அதிர்ஷ்டக்காரன்டா நீ."

ஓரெஸ்டும் சிரித்தார்.

ஆட்டவா மருத்துவமனையில் ஓரெஸ்டின் ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்களைப் பிரித்து உறைய வைத்தார்கள். கீமோ கொடுத்து எதிர்ப்புச் சக்தியை அடியோடு அழித்தார்கள். பிறகு உறைந்ததை உருக்கி உள்ளே விட்டார்கள். அறை முழுக்க டின்னில் அடைத்த மக்காச்சோள வாசனை. உறையவைக்கும் மருந்தின் வாசனை அது, அவர் மூச்சிலிருந்தே வந்தது. இன்றும் ஆகஸ்டில் ஊர் கூடி வெண்ணெய் தடவிய சோளத்தைக் கடிக்கும்போது அவர் எழுந்து வெளியே போய்விடுவார். சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளைக்கூட உடம்பு மறந்துவிட்டதால், சுகாதார நிலையத்தில் அழுகிற கைக்குழந்தைகளுக்கு நடுவே உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி போட்டுக்கொண்டார். உடம்பு மறந்ததே தவிர, ஆள் எதையும் மறக்கவில்லை.

ஊர் திரும்பிய முதல் வியாழக்கிழமை, சீட்டாட வெர்னா வீட்டுக்குப் போனார். காரிலிருந்து இறங்கி நேராக நடந்தார். ஜன்னலில் வெர்னாவின் தலை தெரிந்தது. உடனே திரும்பிப் போய், சிகிச்சைக்கு முன் ஊன்றி நடந்த, பின்சீட்டில் கிடந்த பழைய குச்சியை எடுத்துக்கொண்டார். இரண்டு வருடம் அதைக் கீழே வைக்க வழி தெரியவில்லை.

இந்தப் பிப்ரவரியில், கிடங்கின் சிமெண்டுத் தரையில் நடக்கும்போது பின்னால் யாரோ காலைத் தேய்த்துக்கொண்டு வருவது போல் கேட்டது. திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. அவருடைய கால்தான். அன்று திங்கட்கிழமை.

உடனே ஸ்கேன் எடுத்தார்கள். "படம் சுத்தமா இருக்கு," என்றார் மருத்துவர். படம் சுத்தமென்றால் இழுப்பது யார் என்று ஓரெஸ்ட் கேட்கவில்லை.

ஏப்ரலில், பனி உருகத் தொடங்கிய ஒரு வியாழக்கிழமை வழக்கம்போல் பூட்ஸை வாசல் விரிப்பில் கழற்றி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வெர்னா சீட்டைக் கலைத்தபடி சொன்னார்:

"மூக்கு தேஞ்சிருக்கே."

"எது?"

"உன் வலது பூட்ஸ். ரெண்டு வருஷமா கடையில வாங்கினது மாதிரியே இருந்துச்சு. நெஜமா கால் இழுக்கிறவன் பூட்ஸ் ஒரு குளிர்காலம் தாங்காது. நான் எத்தனை ஜோடி தேச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

ஓரெஸ்ட் கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். "அப்போ... உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் வாரமே தெரியும். என்ன மட்டமான நடிப்புடா! ஸ்கூல் நாடகத்துல உன்னை மரமா நிக்கத்தான் விட்டிருப்பேன்."

"சொல்லியிருக்கலாமே வெர்னா!"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்." அவர் சீட்டுகளை ஓரமாகத் தள்ளினார். "அது கெடக்கட்டும். இப்ப ஏன் தேஞ்சிருக்கு?"

"தெரியல. ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாம். நானா இழுக்கிறேனா, அதுவா இழுக்குதான்னு எனக்கே புரியல. பயமா இருக்கு."

வெர்னா வாசலில் இருந்த பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இல்லேன்னதை உனக்குக் குடுத்தாங்க. அதை வாங்கிட்டு எப்படி நடக்கறேன்னு ஒரு தடவைகூட நீ எனக்குக் காட்டல. நட, பாக்கறேன். குச்சி வேணாம். பூட்ஸைப் போட்டுக்க."

"வீட்டுக்குள்ளயா? வெளியில பூரா சேறு!"

"சாக்ஸோட நடந்தா சத்தம் கேக்காது. போடுறா. தரை என்னோடது."

அடுப்படியிலிருந்து ஜன்னல்வரை நடந்தார். சத்தமே இல்லை. திரும்பி வெர்னாவைப் பார்த்து நடந்தபோது வலது முனை தரையில் தேய்ந்தது. இருவருக்கும் கேட்டது. மறுபடி ஜன்னல் பக்கம் போனார், தேயவில்லை. திரும்பினார், தேய்ந்தது.

"ஜன்னலை விடு," என்றார் வெர்னா. "என்னைப் பாத்து நட."

அன்று இருட்டும்வரை ஓரெஸ்ட் பிலிக், குச்சியில்லாமல், சேற்று பூட்ஸோடு, வெர்னாவின் முகத்தைப் பார்த்தபடி அவர் சமையலறையில் நடந்தார்.