முழுத் திராட்சை வைத்த ஜெல்லி

அதிராம்பட்டினத்தில் எங்கள் வீட்டு விருந்துகளுக்குக் கடல்பாசி ஜெல்லி செய்வது, உணவுத் தொழில்நுட்பம் படித்த நான்தான். பாசி, தண்ணீர், சர்க்கரை எல்லாம் அளவு பார்த்தே போடுவேன். தங்கையின் நிச்சயதார்த்தத்துக்குச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றி, அழகுக்காக ஒவ்வொன்றிலும் ஒரு முழுத் திராட்சையை வைத்தேன்.

என் அக்கா ஜமீலா லாத்தாவின் மூன்று வயது மகன் ஓடிக்கொண்டே ஒரு கிண்ணத்து ஜெல்லியைத் திராட்சையோடு வாயில் போட்டான். திடீரென்று நின்றுவிட்டான். இருமலும் இல்லை, அழுகையும் இல்லை. வாய் மட்டும் திறந்திருந்தது.

"தண்ணி கொண்டாங்க!" என்று கத்தினேன்.

"தண்ணி கொடுக்காதேடி" என்ற லாத்தா, அவனைத் தொடைமேல் தலை தாழ்ந்திருக்கக் குப்புறச் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கித் தட்டினாள். நான்காவது தட்டில் திராட்சை தரையில் விழுந்தது. அவன் வீறிட்டு அழுதான்.

பல்லியைக் கண்டாலே அலறும் லாத்தாவா இவள்!

"எங்கே கத்துக்கிட்டே லாத்தா?"

"இவன் பொறந்தப்ப நர்ஸ் சொன்னாங்க. படிச்சவ நீ, உனக்குத் தெரியாதா?" என்றாள். அதற்குப் பிறகுதான் மகனை மடியில் அள்ளிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

இப்போது திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கித்தான் போடுகிறேன். பிள்ளைகளை உட்காரவைத்தே கொடுக்கிறேன். ஆஸ்பத்திரி நர்சிடம் அந்த முதலுதவியைக் கேட்டு, தலையணையை மடியில் போட்டுப் பழகியும் வைத்திருக்கிறேன்.