பெட்டிக்குள் வைத்த குருத்தோலை

என் வீட்டுக்காரர் பிரிட்டோவுக்குப் பேய் பிசாசு என்றால் பயமில்லை, போலீஸ் என்றாலும் பயமில்லை. ஈரம் என்றால் மட்டும் உயிரே போய்விடும். அப்படிப்பட்ட மனுஷனுக்கு வாழ்க்கை அமைந்தது வங்காளத்துப் பெஹாலாவில். ஜூனில் மழை பிடித்தால் அக்டோபரில் பூஜை முடிகிறவரை இங்கே சுவர் வியர்க்கும், உப்பு ஜாடி கசியும், பீரோவில் வைத்த செருப்பில் பூஞ்சை படரும். எங்கள் வீட்டில் அறைக்கு ஒரு ஈரமானி தொங்குகிறது. நான் சோறு வடித்தால் ஆவி கீழே இறங்கிவிடும் என்று ஓடிவந்து கதவைச் சாத்துவார்.

கீழே இருப்பது அவருடைய அச்சறை. புகைப்படக் கலைஞர்கள் எடுக்கிற படங்களை, நூறு வருஷம் கெடாத தாளில் அச்சிட்டுக் கொடுப்பது தொழில். அவர் அப்பா தூத்துக்குடியிலிருந்து கிதிர்பூர் துறைமுக வேலைக்கு வந்தவர். இவர் பிறந்ததே இந்த ஊரில்தான். முதலில் ஒரு கலர் லேபில் இருந்தார். எங்கள் கல்யாண ஆல்பத்தைத் தன் கையாலேயே அச்சடித்து ஒட்டினார். ஒன்பதாவது மழைக்காலத்தில் திறந்து பார்த்தால் மாப்பிள்ளைக்கு மூக்கைக் காணோம், எனக்குக் கழுத்துக்கு மேலே ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் பூஞ்சை தின்றிருந்தது. நான் சிரித்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது. அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

அதற்குப் பிறகு தாள் வாங்குவது எங்கள் வீட்டில் பெண் பார்ப்பது மாதிரி ஆகிவிட்டது. டெல்லி ஏஜென்டு சாம்பிள் அனுப்பினால் முதலில் ஜன்னலை மூடி, நீல டார்ச் அடித்துப் பார்ப்பார். பளீரென்று நீலமாக மின்னினால் அந்தத் தாள் ஆகாது. வெள்ளையாகத் தெரிவதற்காக மருந்து போட்டிருக்கிறார்கள், பத்து வருஷத்தில் பழுத்துவிடும் என்பார். மங்கலாக, மோர் நிறத்தில் கிடந்தால்தான் அவருக்குத் திருப்தி. முழுக்கப் பஞ்சில் செய்திருக்க வேண்டும், அமிலப் புளிப்பு இருக்கக் கூடாது. வந்த தாளையும் உடனே மெஷினில் விடமாட்டார். ஒரு நாள் முழுக்க ஏசி அறையில் ஆறப்போடுவார். அந்த அறையில் எனக்கு உட்கார இடம் கிடையாது.

போன வருஷம் சுபிக்ஷா வந்தாள். ஜாதவ்பூரில் படித்த தமிழ்ப் பெண். தமிழைவிட வங்காளம் அவளுக்குச் சுலபம், இவரைச் சித்தப்பா முறையில் காகு என்பாள், என்னைக் காகிமா என்பாள். அவள் அப்பா கோவிந்தராஜன் மத்திய அரசு வேலையில் மாற்றலாகி இங்கே வந்து, இங்கேயே நோயில் விழுந்து போய்விட்டார். அவர் படுக்கையில் கிடந்த கடைசி ஆறு மாதத்தை அவள் படம் எடுத்திருந்தாள். மொத்தம் பதினெட்டுப் படம், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பிரதி, அதற்கு மேல் வேண்டாம் என்றாள். அச்சிட்டு முடிந்ததும் வாடிக்கையாளர் கண்ணெதிரிலேயே தன் கம்ப்யூட்டரிலிருந்து படக் கோப்புகளை அழித்துவிடுவது பிரிட்டோவின் பழக்கம். அதில் அவருக்கு ஏகப் பெருமை. அப்படியே அழித்தார்.

இரண்டே மாதத்தில் அவளுடைய ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. எங்கெங்கோ கொடுத்துப் பார்த்தாள், மீட்க முடியவில்லை. ஆக, அந்தப் பதினெட்டுத் தாள்களைத் தவிர அவள் அப்பாவின் கடைசி முகம் உலகத்தில் வேறு எங்கும் இல்லை என்றாகிவிட்டது. அவள் வாடகை அறை ஓதம் அடிக்கிற அறை. நவம்பர் கண்காட்சி வரை படங்கள் இருக்கிற பெட்டி உங்களிடமே இருக்கட்டும் என்று விட்டுப்போனாள். மழை ஓய்ந்து காற்று உலர்ந்ததும் எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்துவிடலாம், அதுவரை திறக்கவே வேண்டாம் என்றார் பிரிட்டோ. அன்று முதல் அவர் சரியாகத் தூங்கவில்லை.

செப்டம்பரில் ஒருநாள் காலையில் பிடித்த மழை மத்தியானம் வரை விடவில்லை. தெருத் தண்ணீர் வாசலுக்குள் வந்தது. கரெண்டை நிறுத்திவிட்டார்கள். ஈரம் உறிஞ்சுகிற மெஷின் ஓய்ந்தது, ஈரமானி அறுபதைத் தாண்டி எழுபதைத் தொட்டது. இருவரும் பெட்டியைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி மாடிக்குக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தோம். டேப்பும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களும் எடுக்க அவர் திரும்ப இறங்கினார். முழங்கால் தண்ணீரில் அவர் தடுமாறி நடக்கிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் அதைச் செய்தேன். குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொடுத்த ஓலையைச் சிலுவையாக முடைந்து, மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன். எங்கள் ஆட்கள் எல்லார் வீட்டிலும் இருக்கும். புயலோ இடியோ என்றால் அதுதான் காவல். அதை உருவினேன். பெட்டியைத் திறந்து, படங்களின் மேல் போர்த்தியிருந்த மெல்லிய தாளைத் தூக்கி, அவர் கண்ணில் படாதபடி அதற்கு அடியில் வைத்து மூடினேன். அவர் வந்தார், பொட்டலங்களை ஓரத்தில் செருகினார், சுற்றிலும் டேப் ஒட்டினார். எனக்கு அன்றைக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

இரண்டு வாரம் கழித்து நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் போனில் யாரோ புது வாடிக்கையாளருக்குத் தாள் பராமரிப்பைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். மர அலமாரி வேண்டாம், நியூஸ் பேப்பர் வேண்டாம், காய்ந்த பூ, இலை எதுவும் பக்கத்தில்கூட வரக் கூடாது, அதிலிருந்து புளிப்பு இறங்கும், பூஞ்சை விதை வரும் என்றார். கத்தி கையிலேயே நின்றது. நியூஸ் பேப்பர் கூடாதென்று எனக்குத் தெரியும். ஓலையை நான் இலையாகவே நினைக்கவில்லை. அது மந்திரித்தது. ஆறு மாதம் ஓதம் பிடித்த சுவரில் சாய்ந்திருந்தது என்பதும் அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. பெட்டி இருக்கிற அறைக்குள் போகவே பயம். அவரே திறக்கட்டும், தானாக வந்தது என்று இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு நாளும் உள்ளே அது பரவிக்கொண்டிருக்குமே என்ற எண்ணம் விடவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் டீயைக் கொடுத்துவிட்டு எதிரில் நின்றேன்.

"ஏங்க, பெட்டிக்குள்ள நான் குருத்தோலைய வச்சிட்டேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எந்தப் பெட்டிக்குள்ள?" என்று கேட்டார். தெரிந்துகொண்டேதான் கேட்டார்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்துபோய் கையுறை போட்டு டேப்பை அறுத்தார். ஓலையில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி பூத்திருந்தது. அடியில் இருந்த படத்தில் கோவிந்தராஜன் தலையணையில் சாய்ந்து கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நெற்றியிலிருந்து தோள் வரை தேன் நிறத்தில் கறை இறங்கி, ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளிகள். பிரிட்டோ ஒவ்வொரு தாளாக எடுத்து டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மற்ற பதினேழும் தப்பியிருந்தன. அவர் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். பிறகு சுபிக்ஷாவுக்கு அவரே போன் செய்தார்.

மறுநாள் காலை அவள் வந்தாள். பிரிட்டோ தன் கவனக்குறைவு என்று ஆரம்பித்தார். இல்லை, வைத்தது நான் என்று நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. விரல் பட்டால் தாள் கெடும் என்பதால் கையுறை மாட்டிக்கொண்டு பதினேழையும் பார்த்தாள். பிறகு தனி மேஜையில் கிடந்த அந்த ஒன்றின் முன்னால் வந்து நின்றாள். அது மறுபடி பெட்டிக்குள் போகக் கூடாது, மற்றதற்கும் தொற்றிவிடும் என்று பிரிட்டோ தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அப்ப இத இனிமே பத்திரமா வைக்க வேண்டியதில்ல, இல்லியா காகு?"

"வச்சும் பிரயோஜனம் இல்லம்மா."

"அப்ப நான் தொடலாமா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவள் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்கையை அப்பாவின் கன்னத்தில் வைத்தாள். அச்சிட்டு வந்த நாளிலிருந்து அவள் அந்த முகத்தைத் தொட்டதில்லை. நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்றிருந்தோம், அவள் கையை எடுக்கவில்லை.