மாப்பிள்ளை வைத்த வேகம்

இன்று ஆர்.எஸ்.புரத்தில் அக்கா வீட்டில் விருந்து.

லண்டன் போய்வந்த எங்கள் மாப்பிள்ளை, அங்கே ரேவ் பார்ட்டிகளில் இப்போது எல்லோரும் குதித்து ஆடுகிற இசைத்தட்டு ரெக்கார்டைப் பிளேயரில் போட்டார்.

பாட்டு, மாவாட்டும் கிரைண்டர் போல முனகியது. மாப்பிள்ளை கண்ணை மூடித் தலையாட்டினார். "ரொம்ப ஆழமான மியூசிக்குங்க மாமா."

அப்பாவும் தலையாட்டினார்.

நான் லேபிளைப் பார்த்தேன். நிமிஷத்துக்கு 45 சுற்று வேகத்தில் ஓட வேண்டிய ரெக்கார்டை அவர் 33-இல் ஓட்டிக்கொண்டிருந்தார். வேக ஸ்விட்சை 45-க்குத் தள்ளினேன். டிரம்ஸ் அந்தியூர்ச் சந்தைக் குதிரையாய்ப் பாய்ந்தது. மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போனது.

அப்பா பதறி எழுந்து ஸ்விட்சைப் பழையபடி திருப்பினார். "நீங்க வெச்ச வேகந்தானுங்க மாப்ள சரி. லண்டன்காரன் தப்பா அச்சடிச்சுப்போட்டான்."

மறுபடி கிரைண்டர். மறுபடி தலையாட்டல்.

உங்கள் வீட்டு மாப்பிள்ளைக்கு எந்த வேகம்?