கொள்ளுப் போட்ட ரோட்டில் தாத்தாவைக் கூட்டிவரப் போனது

பேருந்தில் ஏறினால் எனக்கு வயிற்றைப் புரட்டும். நாற்பத்தேழு வயதில், எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே ஊர் சுற்றி, அதைப் பயணக் கட்டுரை என்று எழுதவும் செய்கிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், என் மனைவி மஞ்சுளா ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டாள்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. ஓசூரில் தொழிற்பேட்டை கேட்டுக்கு எதிரே இருக்கும் எங்கள் டீக்கடையைப் பூட்டிவிட்டு, தளிக்கு அப்பால் ஜவளகிரி வழியில் இருக்கும் என் அம்மாவழித் தாத்தா வீட்டுக்குக் கிளம்பினோம். அவருக்கு எண்பத்தைந்து இருக்கும். இரண்டு கண்ணிலும் புரை. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஓசூரில் கண் ஆபரேஷனுக்கு இடம் கிடைத்திருந்தது. முன்பு இரண்டு முறை இடம் வாங்கியும் அவர் வரவில்லை. இனியும் தள்ளிப்போட்டால் பார்வை திரும்புவது சிரமம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஓசூரிலிருந்து காலை 7.40க்குத் தளி டவுன் பஸ். இருபத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம். எனக்கு இருபத்திரண்டு ரூபாய், மஞ்சுளாவுக்கு இலவசம். "நீங்க காசு குடுத்து வாந்தி எடுக்கறீங்க, நான் சும்மாவே வேடிக்க பாக்கறேன்" என்றாள். மத்திகிரி, மதகொண்டப்பள்ளி தாண்டியதும் காற்று குளிர்ந்தது. தளியில் டீ குடித்துவிட்டு ஷேர் ஆட்டோ. ஆளுக்கு இருபது ரூபாய்.

தாத்தா வீட்டில் இல்லை, தார் ரோட்டில் இருந்தார். எங்கள் பக்கம் கொள்ளுச் செடியை அறுத்துக் காயவைத்து ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டியெல்லாம் மேலே ஏறி மிதிக்கும். காய் வெடித்துக் கொள்ளு கீழே தங்கும். சாயங்காலம் கொடியை உதறிவிட்டுக் கூட்டி அள்ளித் தூற்றவேண்டியதுதான். போலீசுக்குப் பிடிக்காது.

ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது வீட்டில் எல்லோரும் ஆளுக்கு இரண்டு அடி கொடுத்தார்கள். தாத்தா மட்டும் கையில் கொடி புரட்டுகிற ஒரு கவைக்கோலைக் கொடுத்து இந்த ரோட்டில் நிறுத்தினார். "ஏறிப் போறவன விடு. ஒதுங்கிச் சுத்திப் போறான் பாரு, அவனுக்குக் கும்பிடு போடு. திட்டுனா மறுக்கா ஒதுங்கித்தான் போவான். கும்பிட்டா, திரும்பி வர்றப்ப ஏத்திட்டுப் போவான்." என் டீ வியாபாரம் இதில்தான் ஓடுகிறது. எதிர்க்கடைக்குப் போகிறவர்களுக்கும் நான் வணக்கம் வைப்பேன்.

இப்போது தாத்தா ரோட்டோரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். வண்டி தெரியாது, சத்தம் தெரியும். "பால் டெம்போ" என்பார். பால் டெம்போ வரும். அப்புறம் கண் எதற்கு என்பது அவர் வாதம்.

"தாத்தா, நாளைக்கு ஆபரேஷன். கெளம்பலாமா?" என்றேன்.

"பேடா."

வேண்டாம் என்பதை அவர் தமிழில் சொன்னால் பேசிப் பார்க்கலாம். கன்னடத்தில் சொன்னால் அதுதான் முடிவு.

மஞ்சுளா விடவில்லை. "முழுசா கண்ணு போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

"இப்ப மட்டும் என்னத்த பாக்கறேன்? கொள்ளு நல்லாத்தான அடிபடுது?"

"வாயில மட்டும் புரை விழுகல" என்று என் காதோரம் முணுமுணுத்தாள்.

"கேக்குதும்மா" என்றார் தாத்தா.

நான் வாதாடவில்லை. ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கவைக்கோலை எடுத்துக் கொடியைப் புரட்டினேன். மத்தியானம் வீட்டிலிருந்து களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் வந்தன. அங்கேயே சாப்பிட்டோம்.

மூன்று மணி வாக்கில் தாத்தா எழுந்து, இரண்டு பக்கமும் காது கொடுத்து, "வண்டி இல்ல" என்று சொல்லிவிட்டு நடு ரோட்டுக்குப் போய்க் குனிந்தார். மறுமுனையிலிருந்த நான் பார்த்துக் கத்துவதற்குள், அவருக்கு ஒரு முழம் பின்னால் ஒரு ஸ்கூட்டர் வழுக்கி நின்றது. கம்பெனிச் சட்டை போட்ட பெண், தெற்கத்திப் பேச்சு.

"செடிக் குமியலுன்னுல்லா நெனச்சேன் தாத்தா!"

"ஏம்மா, எஞ்சின அணச்சிட்டு உருட்டிட்டு வந்தியா?"

"இல்ல தாத்தா, ஓடிட்டுதான் இருக்கு. கரண்டு வண்டி. எங்க கம்பெனில பாதிப் பேரு இதான வச்சிருக்கோம்."

தாத்தா வண்டியின் மேல் கை வைத்துப் பார்த்தார். சூடும் இல்லை, நடுக்கமும் இல்லை.

அவர் முக்காலிக்குத் திரும்பினார். ரொம்ப நேரம் ரோட்டையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"சத்தமில்லாத வண்டியும் வந்துருச்சா" என்றார். "மஞ்சுளா, உள்ள என் துண்டு இருக்கும், எடுத்தா. போயிட்டு வந்தர்லாம்."

மறுநாள் வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இடது கண் அடுத்த மாதம். வயதானவர்களிடம் நாம் வாதாடி ஜெயிக்க முடியாது. இங்கே ஜெயித்தது ஸ்கூட்டர். ஆனால் இத்தனை வருடம் நம்பிய காது இனிப் போதாது என்று தெரிந்ததும், தாத்தா அடம்பிடிக்காமல் துண்டைக் கேட்டுவிட்டார். எனக்கு அது வராது. எழுத்து மங்கலாகத் தெரிவதற்கு ஒரு வருடமாகச் செல்போனைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். இருட்டினால் காட்டோரம் யானை வரும். கொள்ளுக் கொடி மேல் பைக்கில் போனால் மெதுவாகப் போங்கள், சட்டென்று பிரேக் பிடிக்க வேண்டாம். ஆட்டோ, கார் என்றால் ஒரு முறை ஏறி இறங்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் தளிக்குத் திரும்ப நூற்றைம்பது ரூபாய்க்கு ஆட்டோ பேசினோம். ஏறி உட்கார்ந்த தாத்தா, சும்மா எதுக்குப் போறது என்று கொள்ளின் மேல் முன்னும் பின்னுமாக மூன்று தடவை விடச் சொன்னார். மூன்றாவது தடவையில் கொடி அச்சில் சுற்றி ஆட்டோ நின்றுவிட்டது. நானும் டிரைவரும் மல்லாந்து படுத்து அரிவாளால் அறுத்துக்கொண்டிருந்தபோது, நேரே ஓசூர் போகும் பஸ் வந்து, போனது. கை காட்ட முடியவில்லை. இரண்டு கையும் ஆட்டோவுக்கு அடியில் இருந்தன.