காந்தத்தை விட்டபின் அளந்தவர்

சுந்தரி இறந்த செய்தி வந்தபோது பட்டறையில் இரும்பைச் சீவும் மில்லிங் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தில் போன் அடித்ததே கேட்கவில்லை. திருப்பிக் கூப்பிட்டேன். அவருடைய கணவர் முருகேசன், "அண்ணே, சுந்தரி போயிட்டாண்ணே. பேரையூருக்குக் கொண்டு போறோம்" என்றார். மிஷினை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பசுமலைப் பக்கம் எங்கள் பட்டறைக்கு வந்து போனவர்களுக்கு அவருடைய வாயும் தெரியும், வேலையும் தெரியும். நாங்கள் இருவரும் கூட்டாக ஆரம்பித்த தொழில் அது. மெல்லிய இரும்புத் தகடுகளை வைஸ் என்ற இரும்புப் பிடியில் வைத்து இறுக்கினால் வளைந்து தொலைத்தன. "இறுக்கவே வேணாம்ணே, மேக்னெட் வாங்குவோம்" என்றார். தகட்டை அடியிலிருந்து முழுதாகப் பிடித்துக்கொள்ளும் காந்த மேசையைத்தான் சொன்னார்.

"கட்டர் போடுற போடுல தகடு பறந்து என் மண்டையில விழும்" என்றேன்.

"அம்புட்டுப் பயமா இருந்தா ஹெல்மெட் மாட்டிக்கிட்டு நில்லுங்க."

வாங்கினோம். ஒரு தகடும் பறக்கவில்லை.

ஒரு பம்ப் கம்பெனியின் ஆர்டர் கிடைத்தால்தான் பட்டறையைத் தொடர்ந்து நடத்த முடியும் என்ற நிலை வந்தது. மாதிரித் தகட்டைப் பார்க்க அவர்களுடைய ஆய்வாளர் வந்திருந்தார். சுந்தரி சீவி முடித்ததும், தகடு மேசைமேல் இருக்கும்போதே, மேடுபள்ளம் இருந்தால் முள் அசைந்து காட்டும் டயலை அதன்மேல் ஓட்டிப் பார்த்தார் ஆய்வாளர். முள் அசையவில்லை. "ஓகே" என்று பேனாவை எடுத்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"இருங்க சார். மேக்னெட்ட விட்டுட்டு அளந்து பாப்போம்" என்றார் சுந்தரி.

காந்தத்தின் பிடியை விட்டதும் தகடு பொரித்த அப்பளம்போல நடுவில் எழும்பியது. அதன் அடிப்பக்கம் முதலிலேயே வளைந்திருந்திருக்கிறது. காந்தம் இழுத்துப் பிடித்திருந்த வரைக்கும்தான் அது தட்டை. எனக்கு வந்த கோபத்தில் சுந்தரியைக் கடித்துத் தின்றிருப்பேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அடியில் இடைவெளி இருந்த இடங்களில் மெல்லிய தகட்டுத் துண்டுகளைச் செருகினார். இனிக் காந்தத்தால் அதைக் கீழே இழுத்து நிமிர்த்த முடியாது. மேலே மறுபடி சீவி, புரட்டிப்போட்டு மறுபக்கத்தையும் சீவினார். காந்தத்தை விட்டு அளந்தார். இந்தத் தடவையும் முள் அசையவில்லை.

"நீங்க சொல்லலேன்னா நான் கையெழுத்துப் போட்டிருப்பேனேம்மா" என்றார் ஆய்வாளர்.

"போட்டுருவீங்கன்னுதான் சார் சொன்னேன்."

ஆர்டர் கிடைத்தது. இன்றைக்கு அந்தக் கம்பெனியில் எங்கள் தகட்டை யாரும் அளப்பதில்லை. வண்டியிலிருந்து இறக்கி நேரே பம்பில் பூட்டுகிறார்கள். அந்தப் பெருமை முழுக்கச் சுந்தரியுடையது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பதும் அந்த நல்ல பெயர்தான். அங்கே அளக்க ஆளில்லை என்பதால் இங்கே நான் அளந்தாக வேண்டும், காந்தத்தை விட்ட பிறகு.