ஓர் எழுத்தும் விடாமல்

அட்டையில் தொடங்கினால், கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சகத்தின் பெயர் வரும்வரை ராகேல் நிறுத்த மாட்டாள். கதை, கட்டுரை, தலைவலித் தைல விளம்பரம், சந்தாதாரர்களுக்கு வேண்டுகோள், பிழை திருத்தம் எல்லாவற்றையும் ஒரே குரலில் வாசிப்பாள். "இதெல்லாம் எதுக்குட்டீ, கதையப் படி" என்று யாராவது அவசரப்பட்டால், தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் வரும்: "ஒருத்தன் கைநோவ எழுத்துக் கோத்திருக்கான். ஒனக்குக் கேக்கதுக்கு நோவுதோ?"

சிதறால் மலைக்குக் கிழக்கே, அயனி மரம் நிற்கிற ஒரு முற்றம்தான் அவளுடைய வாசகசாலை. சனிக்கிழமை மத்தியானம் நாலு பெண்கள் வருவார்கள். முன்பு இருபது பேர் வந்தார்கள். வாசிப்பு முடிந்ததும் ராகேல் ஓலையைக் கிழித்துப் பெட்டி முடைய உட்கார்ந்துவிடுவாள். அதுதான் இப்போது அவளுக்குச் சோறு போடுகிற தொழில். வயது நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. புருஷன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் இரண்டு கடிதம் போட்டார். அப்புறம் தகவல் இல்லை. "அவருக்க எழுத்து வாறதில்ல" என்று அவள் சொல்வாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்க விடமாட்டாள்.

பெரிய பத்திரிகைகளை அவள் வாங்குவதில்லை. தனி ஆளாக நின்று ஒருவன் நடத்துகிற தாள் என்று தெரிந்தால் போதும், கார்டு போட்டு வரவழைத்துவிடுவாள். அஞ்சல்காரர் தங்கையனுக்கு இது பெரிய அதிசயம். "ஒமக்கு வாற கட்டு பார்வத்தியக்காரருக்க வரிக் கச்சேரிக்கும் வாறதில்ல கேட்டீரா" என்பார். தாம் எழுதிய பாட்டுப் புஸ்தகத்தைத் தாமே சுமந்து ஊர் ஊராக விற்ற ஒரு மனிதரைப் போன வருஷம் வழியில் மறித்து, ஒரு பிரதி வாங்கி, மரத்தடியில் உட்காரவைத்துக் கஞ்சியும் கொடுத்து, மூன்றாம் பாட்டில் இரண்டாம் அடிக்கு அர்த்தம் கேட்டாள். மனிதர் திணறிப் போனார். "எழுதினவரு முன்னால இருக்கும்போ கேக்காம விடப்பிடாது" என்றாள், அவர் போனபிறகு.

அவளிடம் வருகிற கட்டுகளில் ‘நேர்சொல்’ மட்டும் இல்லை. நாகர்கோவிலிலிருந்து வருகிற அந்த மாதப் பத்திரிகைக்கு இப்போது நல்ல பெயர். யாராவது விவரம் தெரியாமல் அதைப் பற்றிக் கேட்டுவிட்டால் ராகேல் ஓலையை இழுத்து இறுக்குவாள். "நல்ல கட்டித் தாளாக்கும். பெட்டிக்கு அடியில விரிக்கலாம்."

அந்தப் பத்திரிகையின் முதல் ஏஜண்டு அவள்.

அப்போது அவள் ரேந்தைக்காரி, துணி ஓரத்தில் வைத்துத் தைக்கிற லேஸ் பின்னுகிறவள். மேற்றிசைச் சீமைக்கு ரேந்தை அனுப்புகிற ஒரு வியாபாரி தொடுவெட்டிக்குப் பக்கத்தில் கூடம் வைத்திருந்தார். தலையணை போன்ற உருளையில் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டு, இருபது பெண்கள் காலை முதல் சாயங்காலம் வரை பின்னுவார்கள். ஒருநாள் ஞானசிங் என்கிற வாலிபர் தம்முடைய முதல் இதழைக் கூடத்து வாசலில் விற்க வந்தார். சட்டைக் கையில் மை. "இதுல எழுதுனதும் நான்தான், திருத்துனதும் நான்தான், சுமக்கதும் நான்தான்" என்று சிரித்தார். ராகேல் வாங்கினாள். அடுத்த மாதம் எட்டுப் பேரைச் சேர்த்தாள். அதற்கடுத்த மாதம் கூடம் முழுவதும் சந்தா.

எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் இருந்தாலும் வேலை நேரத்தில் வாசிக்க முடியாதே. அதனால் ராகேல் வாசிப்பது, மற்றவர்கள் அவளுடைய பங்கைப் பின்னிக் கொடுப்பது என்று ஏற்பாடு ஆயிற்று. மேற்பார்வை பார்த்த இஸ்ரவேலும் தடுக்கவில்லை. பெண்கள் ஊர்க்கதை பேசாமல் குனிந்து வேலை செய்தார்கள். பெயருக்கு எல்லோரும் என்றாலும், ராகேலுடைய பங்கில் பாதிக்கு மேல் பின்னியது நேசம்மாள். கூடத்திலேயே வேகமான கை அவளுடையது. ராகேல் தயங்கினால், "நீ படி மக்கா. எனக்கக் கை சும்மா இருந்தா குடையும்" என்பாள். ஆறு வருஷம் இப்படிப் போயிற்று. வெள்ளை நூல், வெள்ளைத் துணி, ஜன்னல் வெளிச்சம். ஆறாவது வருஷம் நேசம்மாள் ஊசியைத் தப்பான துளையில் குத்த ஆரம்பித்தாள். ஒரு கோடையில் கண் முழுதாக அவிந்தது.

இஸ்ரவேல் எல்லோரையும் எழுப்பி நிறுத்தி ஜெபம் பண்ணினார். ஒரு சேலையை நேசம்மாளுடைய கையில் வைத்தார். "இனி வீட்டுல இருந்து ஜெபி. ஒன்ன நாங்க மறக்கமாட்டோம்." மறுநாள் அவளுடைய உருளைக்கு முன்னால் வேறொரு பெண் உட்கார்ந்தாள்.

ராகேல் அந்த வாரமே தொடுவெட்டிக்கு நடந்து, பஸ் ஏறி நாகர்கோவிலுக்குப் போனாள். அச்சகத்தின் பின்னறையில் ஞானசிங் கேட்டுக்கொண்டே எழுதினார். எழுதும்போது அவருக்குக் கண் கலங்கியது. அடுத்த இதழில் ‘ஒரு ரேந்தைக்காரியின் கண்கள்’ வந்தது. நேசம்மாள் என்ற பெயரும் இருந்தது. ராகேல் கூடத்தில் அதை வாசித்தபோது குச்சிகளின் சத்தம் நின்றுபோயிற்று. தங்களைப் பற்றி அச்சில் ஒரு வரி வரும் என்று அவர்கள் யாரும் நினைத்திருக்கவில்லை.

இஸ்ரவேல் அன்று சாயங்காலமே கேட்டார். "ஆரு சொல்லிக்குடுத்தது?"

"நான்தான். நடந்ததத்தான் சொன்னேன்."

"இத்தன நாளா ஒனக்குச் சோறு போட்டது ஆருண்ணு நெனப்பு உண்டா?"

"நேசம்மாளுக்கக் கண்ணு" என்றாள் ராகேல்.

அத்தோடு அவளுடைய உருளையும் போயிற்று. கூடத்தில் வாசிப்புக்குத் தடை. பெண்கள் சனிக்கிழமை மத்தியானம் அயனி மரத்தடிக்கு வர ஆரம்பித்தார்கள். நேசம்மாளையும் யாராவது கைப்பிடித்து அழைத்து வருவார்கள். வேலை போனதில் ராகேலுக்கு வருத்தம் இருந்தது. ஆனால் தலை நிமிர்ந்துதான் நடந்தாள். எழுதியவர் ஒருவர் தன் பக்கம் இருக்கிறார் என்ற தைரியம்.

மூன்று வாரம் கழித்து ஞானசிங் வந்தார். முற்றத்தில் நின்றபடியே குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். வியாபாரி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருந்தார். அச்சகக்காரர் பயந்துபோய், மறுப்புப் போட்டாலொழிய அடுத்த இதழை அடிக்க முடியாது என்றுவிட்டார்.

"வேற வழியில்ல, அக்கா."

"நீங்க எழுதினது பொய்யா சாரே?"

"பொய்யில்ல."

"நேசம்மா இஞ்ச பக்கத்துலதான் இருக்கா. கூட்டிட்டு வரட்டா? வக்கீலுக்க முன்னால அவ வந்து நிப்பா. நானும் நிப்பேன்."

"கேஸ் நடத்த நம்மளால ஆகாதுக்கா. பத்திரிக நின்னு போச்சுண்ணா நாளைக்கு ஏழைக்காக ஆரு பேசுவா? கொஞ்சம் வளைஞ்சு குடுத்தா நெறைய நாள் பேசலாம்."

ராகேல் அவருடைய சட்டைக் கையைப் பார்த்தாள். சலவை மடிப்புக் கலையாமல் இருந்தது.

"நேசம்மாளுக்கு நீங்க பேசுனத இல்லண்ணு ஆக்கிட்டு, பெறவு ஆருக்கு சாரே பேசப்போறீங்க?"

அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கினார். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ‘நேர்சொல்’ நின்றுபோகவில்லை. வருஷா வருஷம் வளர்ந்தது. இன்று அதற்கு வர்ண அட்டை உண்டு. பின்னட்டையில் அந்த ரேந்தை வியாபாரியின் விளம்பரம் மாதம் தவறாமல் வருகிறது. ஞானசிங்கை மேடைகளில் அஞ்சாத பேனா என்று அறிமுகம் செய்கிறார்கள்.

அன்று மறுப்பு வந்த இதழின் கட்டைத் தங்கையன் கொண்டுவந்து போட்டபோது ராகேல் பிரித்துப் பார்த்தாள். தனியாக உட்கார்ந்து ஒரு தடவை வாசித்தாள். அதை அடுப்பில் போட்டிருக்கலாம், கேட்க ஆளில்லை. ஆனால் இருபது பேர் சந்தா கட்டியிருந்தார்கள். சனிக்கிழமை எல்லோரும் வந்து உட்கார்ந்ததும், வழக்கம்போல அட்டையிலிருந்து தொடங்கினாள். கதை முடிந்தது. விளம்பரங்கள் முடிந்தன. பதினாறாம் பக்கத்துக்கு வந்தாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"சென்ற இதழில் ‘ஒரு ரேந்தைக்காரியின் கண்கள்’ என்ற தலைப்பில் வெளியான வியாசம் ஆதாரமற்றதென அறிகிறோம். எமது ஏஜண்டாகிய ஒரு பெண்பிள்ளை சொந்தப் பகைமையினால் கூறியதை நம்பி ஏமாந்தோம். அதில் கண்ட நேசம்மாள் என்றொரு ஸ்திரீ அந்த ஸ்தாபனத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. வருந்துகிறோம்."

அச்சகத்தின் பெயர் வரைக்கும் வாசித்துத் தாளை மூடினாள். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்தார்கள். இஸ்ரவேலுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற கணக்கு அவர்களுக்குள் அப்போதே ஓட ஆரம்பித்திருந்தது. ஒவ்வொருவராகப் போனார்கள். அடுத்த சனிக்கிழமை பலர் வரவில்லை.

நேசம்மாள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"ராகேலு, எனக்கப் பேரும் அதுல அடிச்சிருக்கோ?"

"அடிச்சிருக்கு."

"நான் இல்லண்ணு எழுதியிருக்கது எந்த எடத்துலயாக்கும்?"

ராகேல் பதினாறாம் பக்கத்தை மறுபடி விரித்து அவள் மடியில் வைத்தாள். நேசம்மாளுடைய வலது கையை எடுத்து, ஆயிரம் ஊசி குத்திக் காய்த்திருந்த ஆள்காட்டி விரலை அந்த வரியின் முதல் எழுத்தில் ஊன்றினாள். பிறகு எழுத்தெழுத்தாக, மெல்ல, வரி முடிகிற இடம்வரை அதை நகர்த்திக்கொண்டு போனாள்.