பாண்டியம்மாளின் கூலிங் கிளாஸ்

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் ஆளைக் காணோமே என்று சிலர் கேட்டீர்கள். காலில் ஆப்பரேஷன். முப்பது வருடம் நின்றுகொண்டே வெல்டிங் அடித்த கால். நரம்பு சுருண்டு புடைத்துவிட்டது. கே.கே. நகரில் ஒரு ஆஸ்பத்திரி. கத்தி இல்லை, லேசர்தான் என்றார்கள்.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டார்கள். பிறகு எனக்கு ஒரு கண்ணாடி மாட்டினார்கள். லேசான பச்சை. டாக்டருக்கும் அதே. மயக்க டாக்டருக்கும் நர்ஸுக்கும் அதே.

என் காலைத் தூக்கிப் பிடித்து நின்ற ஆயாவுக்கு மட்டும் கன்னங்கரேலென்று ஒரு கூலிங் கிளாஸ். ஓரத்தில் ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை.

"இது என்ன கண்ணாடி, தாயி?"

"பூ வாங்க மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனப்ப வாங்குனதுண்ணே. இங்க எனக்குக் குடுக்கல. வீட்டுல பூக்கட்டுற பொழப்பும் இருக்குல்ல... கண்ணு வேணும்ல. இவுக போட்டிருக்கதெல்லாம் வெளுத்துக் கெடக்கு. என்னுதுதான் நல்ல கருப்பு."

நர்ஸ் சிரித்தார். "பாண்டியம்மாக்கா ஹீரோயின் மாதிரி இருக்காங்கல்ல?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் அதிகம் படிக்கவில்லை. ஆனால் வெல்டிங்காரனுக்கு இது தெரியும் — கருப்பாக இருப்பதெல்லாம் கண்ணைக் காக்காது. பழங்காநத்தத்தில் என் பட்டறையில் ஒருத்தன் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வெல்டிங் அடித்தான். மறுநாள் கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போலத் துடித்தான்.

"டாக்டர், அந்தக் கண்ணாடி இந்த லேசரத் தாங்குமா?"

டாக்டர் சின்ன வயசு. மறைக்கவில்லை. "தாங்காதுண்ணே. இந்த லேசருக்குன்னே தனியா உள்ளது, நாம போட்டிருக்கதுதான். ஆனா லேசர் நரம்புக்குள்ளதான எரியப் போகுது. வெளிய வராது."

"லேசர் போற வயர் வெளிய ஒடிஞ்சா?"

"ஒடியாதுண்ணே."

"அப்ப நீங்க எதுக்கு மாட்டியிருக்கீங்க?"

டாக்டர் தன் கண்ணாடியை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வெல்டிங் வெளிச்சமாவது கூசும். முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். இந்த லேசர் கண்ணுக்கே தெரியாதாம். பட்ட பிறகுதான் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

"வேற கண்ணாடி இல்லையா?"

நர்ஸ் மெதுவாகச் சொன்னார். "ஒண்ணு இருக்கு... மேனேஜர் ரூம் பீரோவுல. இன்ஸ்பெக்‌ஷனுக்கு யாராவது வந்தா குடுக்கணும்னு வச்சிருக்காங்க."

"அது வர்ற வரைக்கும் என் கால்ல கை வைக்காதீங்க."

காலை அசைக்க முடியாது. வாயை அசைக்க முடியும். அசைத்தேன்.

ஐந்து நிமிடத்தில் வந்தது. ஐந்தே நிமிடம். ஆறு மாதமாக அந்த அம்மா அங்கே கால் பிடித்து நிற்கிறாராம். இவ்வளவு நாளில் ஒருவருக்கும் அந்த ஐந்து நிமிடம் கிடைக்கவில்லையா? பார்க்க வருகிறவர் கண்ணுக்குப் பீரோவில் கண்ணாடி. தினமும் நிற்கிறவர் கண்ணுக்கு பஸ் ஸ்டாண்ட் பிளாஸ்டிக்!

ஒரு வாரம் கழித்துக் கட்டுப் பிரிக்கப் போனேன். பாண்டியம்மாள் வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி இருக்கா, தாயி?"

"அது ஒங்க ஆப்பரேசனுக்கு மட்டுந்தாண்ணே. முடிஞ்சதும் வாங்கிப் பூட்டிட்டாக."

மேனேஜர் அறைக்குப் போனேன். கேட்டேன். "அவங்க கான்ட்ராக்ட் ஆளுண்ணே. எங்க ஸ்டாஃப் லிஸ்ட்டுல இல்ல," என்றார்.

லேசர் என்ன... லிஸ்ட்டைப் பார்த்தா பாயும்?

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் போன் பேசினார். டீ வரவழைத்தார், ஒன்றே ஒன்று. "கெளம்பலையாண்ணே?" என்றார். "கால் வலிக்கிது" என்றேன். முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் பீரோ சாவியை எடுத்தார்.

கண்ணாடியின் வாரில் பாண்டியம்மாள் பேரை மார்க்கரில் எழுதச் சொன்னேன். எழுதினார். கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது.

எல்லா ஆஸ்பத்திரியிலும் நான் போய் உட்கார முடியுமா? உங்களுக்கோ உங்கள் வீட்டு ஆளுக்கோ லேசர் என்றால், அந்த அறையில் தலைகளை எண்ணுங்கள். பிறகு கண்ணாடிகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் கேளுங்கள்.

ஊசி போடும் முன்பே கேட்டுவிடுங்கள் — எழுந்து போகிற வசதியாவது இருக்கும்.